தலைவரின் தோல்பை

முதலில் பையிலிருந்து சட்டதிட்டங்கள் எழுதிய யாப்பு வெளியே வரும். பிறகு கூட்டக் குறிப்பேடு, சங்கத்தின் ரப்பர் முத்திரை, மைப்பெட்டி, தபால்தலை நனைக்கும் பஞ்சு, கடைசியாக ஒரு பித்தளை மேசைமணி. நித்தியானந்தன் மாஸ்டர் இவற்றைச் சாப்பாட்டு மேசையில் இந்த வரிசையில்தான் அடுக்குவார். பஞ்சு முத்திரைக்கு முன்னால் வந்துவிட்டால் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மறுபடி எடுப்பார். அடுக்கி முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியாக மூன்று மணிக்கு மணியைத் தட்டுவார். அப்போது அறையில் அவரும் நானும் மட்டும் இருப்போம்.

"கூட்டம் ஆரம்பம், செயலாளர்," என்பார் என்னிடம். "எழுதும்."

மெல்பேர்னின் தென்கிழக்கே நோபிள் பார்க்கில் இருக்கிறது அவர் வீடு. முலோங்கா கல்வி அபிவிருத்திச் சங்கம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் கூடும். முலோங்கா சாம்பியாவில் உள்ள ஒரு கிராமம். மாஸ்டர் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே இங்கே வந்தவரல்லர். நடுவில் நாலு வருடம் முலோங்காவின் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். எழுபத்து நாலில் ஆஸ்திரேலியா வந்து, இப்போது ஓர் உயர்பள்ளியில் அதே கணக்கைப் படிப்பிக்கிறார். இங்குள்ள பிள்ளைகள் அவரை 'நிட்' என்று கூப்பிட்டுக்கொண்டே கதிரையில் சாய்ந்திருப்பார்கள். முலோங்காவில் அவர் வகுப்புக்குள் காலெடுத்து வைத்தால் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்களாம். சங்கம் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சொந்த அபிப்பிராயம். கூட்டக் குறிப்பில் இல்லை.

வீட்டுக்குள் அவருக்கு ஒரு சீருடை உண்டு. இடுப்புக்கு மேலே கோட்டும் டையும், கீழே சாரமும் ரப்பர் செருப்பும். மேசைக்கு மேலே தெரிகிற பாகம் தலைவர், கீழே இருக்கிறவர் நாகேஸ்வரி அக்காவின் புருஷன். சுவரில் இரண்டு கடிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும். ஒன்று மெல்பேர்ன் நேரம், மற்றது முலோங்கா நேரம். பேச்சுக்கு நடுவில் திடீரென்று நிமிர்ந்து, "இப்ப அங்க ஏழு மணி. பிள்ளையள் வாற நேரம்," என்பார். ஞாயிற்றுக்கிழமையில் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் நியமனம் கிடைத்தபோது கொழும்புக் கோட்டையில் வாங்கிய பை அது. ரயிலில் அதை மடியில் வைத்துக்கொள்வாரே தவிரக் கீழே வைக்கமாட்டார். "அசல் மாட்டுத்தோல், பதினெட்டு வருசம். சாம்பியா மழையில நனைஞ்சு, மெல்பேர்ன் குளிரில காய்ஞ்சும் ஒரு வெடிப்பு இல்லை. தொட்டுப் பாரும்," என்று வருகிற ஒவ்வொருவரிடமும் நீட்டுவார். நானே பத்துத் தடவை தொட்டிருக்கிறேன். தலைவரான கையோடு நகரத்துக் கடையொன்றில் கொடுத்து, பையின் மூடியில் 'தலைவர்' என்று ஆங்கிலத்தில் பொன்னெழுத்துப் பொறித்துக்கொண்டார். நாகேஸ்வரி அக்காவுக்குப் பையைக் கண்ணில் காட்டக் கூடாது. "இஞ்சேருங்கோ, செத்த மாட்டைத் தூக்கிக்கொண்டு சாமி அறைப் பக்கம் வராதையுங்கோ," என்பார்.

யாப்பை எழுத எட்டு மாதம் ஆயிற்று. மாஸ்டருக்குத் துணை யோகேஸ்வரன். இவர் கொழும்பில் வழக்காடியவர், இங்கே வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் கோப்பு அடுக்குகிறார். வாதாட இடமில்லாத வருத்தம் முழுவதையும் யாப்பில் இறக்கி வைத்துவிட்டார். நாற்பத்திரண்டு பிரிவுகள். உறுப்பினர் ஒன்பது பேருக்கு இது தாராளம். ஏழாம் பிரிவின்படி கல்விக்கு ஒரு குழு, அபிவிருத்திக்கு ஒரு குழு. கல்விக் குழு உடனே அமைந்துவிட்டது. அபிவிருத்திக் குழு இன்னும் அமையவில்லை, ஏனென்றால் ஒன்பது பேரும் அதற்குத் தலைவராக வர விரும்புகிறார்கள்.

கல்விக் குழு சும்மா இருக்கவில்லை. மாஸ்டரின் உயர்பள்ளி சீருடையை மாற்றியபோது கழித்துப் போட்ட கழுத்து டைகளைக் கட்டிக் கப்பலில் அனுப்பினோம். ஆஸ்திரேலியச் செம்மறியாட்டு வளர்ப்பைப் பற்றிய புத்தகங்களும் ஐந்து பெட்டி போயின. நாலு மாதம் கழித்து ஒரு படம் வந்தது. நாற்பது பிள்ளைகள் வெறுங்காலோடு, கொளுத்துகிற வெயிலில், டை கட்டி நிற்கிறார்கள். மாஸ்டர் அதைச் சட்டம் போட்டு இரண்டு கடிகாரத்துக்கும் நடுவில் மாட்டினார். மூன்றாவதாக நிற்கிற சிறுமிக்கு டை முழங்காலைத் தாண்டுகிறது.

"அதுதான் எஸ்னாத்," என்பார். ஒவ்வொரு கூட்டத்திலும் என்பார். "அப்ப மூண்டாம் வகுப்புப் பிள்ளை. நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் போட, இது யன்னலுக்கு வெளியில நிண்டு விடையைச் சொல்லும். தாய்க்காரி இனிப் படிக்க விடமாட்டன் எண்டவ. நான் வீட்டுக்கே போய்க் கதைச்சு மறுபடி சேர்த்தனான். இந்த வருசம் அதுவே ஏழாம் வகுப்பு. நவம்பரில சோதனை. பாஸ் பண்ணினா நகரத்துப் பள்ளிக்கூடம். விளங்குதோ?" இதைச் சொல்லும்போது மட்டும் அவர் மணியையும் முத்திரையையும் மறந்துவிடுவார். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் நான் செயலாளராக நீடிக்கிறேன் என்று நினைக்கிறேன்.

பெப்ரவரியில் முலோங்காவின் தலைமையாசிரியர் முவான்சா ஒரு கடிதம் எழுதினார். டைகளுக்கு நன்றி. பள்ளிக்கூட வளவில் உள்ள கைப்பம்பு பழுது. உள்ளே இருக்கிற தோல் வளையம் கிழிந்துவிட்டது. பக்கத்து நாடான ரொடீசியாவின் எல்லையை மூடியதிலிருந்து தலைநகர் லுசாக்காவில் உதிரிப்பாகம் எதுவும் கிடைப்பதில்லை. ஆட்டுத்தோலை வெட்டிப் போட்டுப் பார்த்தோம், ஒரு கிழமையில் அழுகிவிட்டது. பதனிட்ட கனத்த மாட்டுத்தோலில் செய்த வளையம் இரண்டு அனுப்பினால் உதவியாக இருக்கும். இவ்வளவுதான் கடிதம்.

எங்கள் உறுப்பினர்களில் சடகோபன் மட்டும் சென்னைக்காரர், இயந்திரப் பொறியாளர். "என்ன சார், இது ஒரு விஷயமா? ஹார்ட்வேர் கடையில சில்லறைக்குக் கிடைக்கும். நாளைக்கே நான் வாங்கிட்டு வர்றேன்," என்றார்.

மாஸ்டர் பேனாவால் மேசையைத் தட்டினார். "தனி ஆள் குடுத்தா அது தானம், சடகோபன். சங்கம் குடுத்தாத்தான் அபிவிருத்தி. நடைமுறை எண்டு ஒண்டு இருக்கு."

நடைமுறையை யோகேஸ்வரன் விளக்கினார். தண்ணீர் கல்வியல்ல, அபிவிருத்தி. அபிவிருத்திக்குக் குழு இல்லை. குழு இல்லாமல் செய்வதென்றால் ஏழாம் பிரிவைத் திருத்த வேண்டும். அதற்கு இருபத்தொரு நாள் முன்னறிவித்தல், ஒன்பது பேரும் நேரில் சமுகமளிக்கவும் வேண்டும். ஒன்பது பேர் ஒரே அறையில் கூடியது சங்கம் தொடங்கிய அன்று மட்டுந்தான். அன்றைக்குப் பிரியாணி. மாஸ்டர் சொல்லச் சொல்ல நான் முவான்சாவுக்குப் பதில் தட்டச்சு செய்தேன்: 'தங்கள் கோரிக்கை தீவிரமாகப் பரிசீலிக்கப்படுகிறது.' மே மாதம் அவர் மறுபடி எழுதினார். பெண்பிள்ளைகள் ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் சுமப்பதால் வகுப்புக்கு வருவது குறைகிறது என்றார். நானும் மறுபடி எழுதினேன். இந்த முறை 'மிகத் தீவிரமாக'.

செப்டெம்பர்க் கூட்டத்துக்கு ஒரு விருந்தாளி வந்தார். சிஸ்டர் மொரீன் இங்கே ஆஸ்திரேலியாவின் பல்லராட்டில் பிறந்த வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி, முலோங்கா மிஷனில் பன்னிரண்டு வருடம் வேலை செய்பவர். சுகமில்லாத தாயைப் பார்க்க லீவில் வந்திருந்தார். அவருக்காக நாகேஸ்வரி அக்கா ரோல்ஸ் பொரித்தார். ரோல்ஸுக்காக ஐந்து பேர் வந்தார்கள். மாஸ்டர் அன்றைக்குச் சாரத்துக்குப் பதில் காற்சட்டை போட்டிருந்தார். வரவேற்புரை இரண்டு பக்கம். பாதி வாசிக்கும்போதே சிஸ்டர் கைப்பையைத் திறந்து, கறுத்துச் சுருங்கிக் கிழிந்த ஒரு தோல் வட்டத்தை எடுத்து மேசைமணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது பழையது," என்றார் ஆங்கிலத்தில். "புதியதை வாங்கிப் போக வந்தேன். நாளைக் காலை ஆறு மணிக்கு எனக்கு விமானம். நீங்கள் தயாராக வைத்திருப்பீர்கள் என்று முவான்சா சொன்னார். உங்கள் கடிதங்கள் இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறார்."

நான் கூரையைப் பார்த்தேன். முவான்சா சொல்லை நம்புகிற மனிதர். தீவிரமாகப் பரிசீலிக்கிறவர்கள் ஏழு மாதத்தில் ஒரு தோல் துண்டையாவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று எண்ணியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

யோகேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "இது அபிவிருத்திக்குள்ள வாற விசயம், தலைவர். குழு இன்னும் தெரிவாகேல்லை."

"குழுவை விடுங்க சார்! பிப்ரவரியிலேயே சொன்னேன்," என்றார் சடகோபன். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஊர்ல ஒரு கடை திறந்திருக்காது. இப்ப எங்க போய் வாங்கறது?"

சிஸ்டர் ஒரு கடித உறையை மாஸ்டரிடம் நீட்டினார். வழக்கமாகக் கடிதம் வந்தால் அதைப் பிரிக்காமலே என்னிடம் தந்து, "தாக்கல் செய்யும்," என்பார். இந்த முறை தானே பிரித்தார். ஒரு தரம் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். அவர் தோளுக்கு மேலாக நானும் படித்தேன். முவான்சாவின் குண்டுக் கையெழுத்து. 'தங்கள் எஸ்னாத் ஜூன் மாதத்திலிருந்து பள்ளிக்கு வருவதில்லை. காலை முழுவதும் ஆற்றுக்கு நடக்கிறாள். பம்பு ஓடினால் அனுப்புவதாகத் தாய் சொல்கிறாள். சோதனைக்கு இன்னும் பத்துக் கிழமை இருக்கிறது. தங்கள் பரிசீலனை எப்போது முடியும் என்று அறியத் தந்தால் தாயிடம் சொல்லி வைப்பேன்.'

அதில் குத்தல் எதுவும் இல்லை. அந்த மனிதர் உண்மையாகவே தேதி கேட்டிருந்தார். அதுதான் தாங்க முடியாமலிருந்தது.

மாஸ்டர் கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். முலோங்காக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். அங்கே ஏழரை மணி.

"செயலாளர், அந்தப் பிள்ளையின்ர பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் கடைசியா என்ன எழுதினாங்கள்?"

"மிகத் தீவிரமாகப் பரிசீலிக்கிறம் எண்டு."

"ஆர் சொல்லி எழுதினீர்?"

"நீங்கள் சொல்லித்தான், மாஸ்டர்."

அவர் தலையாட்டினார். பிறகு பையை இழுத்து, உள்ளே மிச்சமிருந்த கடிதத்தாள்களையும் ரசீதுப் புத்தகத்தையும் கவிழ்த்துக் கொட்டினார். வரிசை ஒன்றும் பார்க்கவில்லை. வெறும் பையைச் சிஸ்டர் பக்கம் தள்ளி, "வளையம் வெட்ட இந்தத் தோல் காணுமோ, பாருங்கள்," என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சிஸ்டர் பையின் முதுகை விரலால் அழுத்திப் பார்த்தார். மெல்லியது என்று தலையசைத்தார். பக்கங்களும் சரிவரவில்லை. மூடிக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. அங்கே தோல் இரட்டைக் கனம். "இதுதான் சரி. வட்டமாக வெட்டித் தந்தால் போதும். எண்ணெயில் ஊறவைத்து மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்," என்றார். விரலைப் பொன்னெழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டே சொன்னார். பிறகு அதை வாசித்துவிட்டுச் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

மாஸ்டர் மூடியை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினார். பிறகு பழைய வளையத்தை அதன்மேல் வைத்து, கூட்டக் குறிப்பு எழுதுகிற என் பேனாவை வாங்கிச் சுற்றிக் கோடு கீறினார். ஒரு வட்டம், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூலையில் இடமிருப்பதைக் கண்டு மூன்றாவதும் கீறினார். "ஒண்டு கிழிஞ்சா கைகாவலுக்கு," என்றார். சடகோபன் காருக்கு ஓடித் தன் கருவிப் பெட்டியிலிருந்து கூரான கத்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"தலைவர், ஒரு ஒழுங்குப் பிரச்சினை," என்று எழுந்தார் யோகேஸ்வரன்.

மாஸ்டர் நிமிரவில்லை. கத்தி முனையைக் கோட்டில் வைத்தார்.

"இஞ்சேருங்கோ! மேசை, புது மேசை!" என்று குசினி வாசலில் நின்று கத்தினார் நாகேஸ்வரி அக்கா.

மாஸ்டர் இடது கையை நீட்டி யாப்பை இழுத்தார். நாற்பத்திரண்டு பிரிவையும் தோலுக்கு அடியில் கொடுத்து, கத்தியை அழுத்தி இறக்கினார்.