சூசைதாசனுக்குக் கிடைத்த குரல்

மன்னாரிலிருந்து அகதியாக வந்து டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் துணி ஆலையொன்றில் வேலை செய்த சூசைதாசன், ஞாயிறு பூசையில் உச்சக்குரலில் பாடித் தொண்டை கட்டிப்போகிறவர். 1984இல் ஒருநாள், கோயிலில் ஓர்கன் வாசிக்கும் கிர்ஸ்டன் என்ற இளம்பெண் அவரை மறித்தாள்.

"ஏன் கத்துறீங்கள்? நீங்கள் பாரிட்டோன்."

அது ஏதோ தொண்டை வருத்தத்தின் பெயராக்கும் என்று அவர் பயந்துபோனார். ஒப்பேரா என்ற இசை நாடகத்தில் அரசனும் வில்லனும் பாடுகிற கனத்த ஆண்குரல் அது என்று அவள் விளக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

சனிக்கிழமைகளில் அவளிடமே படித்தார். முதல் இரண்டு மாதமும் நிலத்தில் படுத்து, வயிற்றில் தடித்த புத்தகம் வைத்து மூச்சுப் பயிற்சிதான்.

"பாடப் போறன் எண்டு சொல்லிப்போட்டு அங்க போய்ப் படுக்கிறியளே?" என்று மனைவி செலீனா சிரித்தாள்.

ஆலை இயந்திரங்களின் இரைச்சலுக்குள் அவர் முழுக்குரலில் பாடிப் பழகினார். ஒருவருக்கும் கேட்காது.

1986இல் ஒடென்சேயில் ஒரு ஒப்பேராக் குழு பாடகர்களைத் தேடியது. இத்தாலியப் பாட்டைத் தமிழில் எழுதிக்கொண்டு போனார். தாள் கைநழுவி விழுந்துவிட்டது. குனிந்து எடுக்காமல், பாடமாக்கியதை நம்பிப் பாடி முடித்தார்.

நடுவர் தாளை எடுத்துத் தலைகீழாகப் பார்த்தார்.

"இது இத்தாலிய மொழியோ?"

"ஓம், தமிழ் எழுத்தில."

நடுவர் வாய்விட்டுச் சிரித்து, அவரைக் கூட்டுப்பாடகராகச் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வருடமே சிறைக்காவலன் வேடம் கிடைத்தது. பாட ஒரே ஒரு வரி.

"நாலு சொல்லுக்கோ இவ்வளவு தூரம் கார் ஓடி வந்தனாங்கள்?" என்று செலீனா முணுமுணுத்தாள். ஆனால் அவர் பாடி முடித்ததும், சபையில் முதலில் கைதட்டியது அவள்தான்.