மாதம் ஒருமுறை வந்த குரல்

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மாவின் ஃபோனுக்கு வரும் செய்திகளை நான்தான் வாசித்துச் சொல்வேன். வேலைக்காகக் கொடைக்கானலுக்கு வந்து தங்கிய பிறகு எங்கள் ஊரான கவுஞ்சியில் அதற்கு ஆள் இல்லை. தேடியதில், தமிழ்ச் செய்திகளை உரக்க வாசிக்கும் இலவசச் செயலி ஒன்று கிடைத்தது. அதன் நிரலை எவரும் எடுத்துத் திருத்தலாம். நாலைந்து பேர் சம்பளமில்லாமல், தங்கள் வேலை முடிந்த நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய்ச் சேர்ந்தேன்.

அதைத் தொடங்கியவர் ஒரு பெண். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பெரும்பாறையில் காப்பித் தோட்ட வேலை பார்க்கும் குடும்பம். அவர் கோவையில் வேலையில் இருந்தார். நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை.

புதுப் பதிப்பு எப்போது வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. எல்லாம் முடியட்டும் என்று காத்திருப்பார்கள். எல்லாம் முடிவதே இல்லை. வெளியிடும் பொறுப்பு என்னிடம் வந்ததும் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். மதுரைக்குப் போகும் காய்கறி லாரி வரும் நாள் மாறாது. கேரட்டைக் கழுவி மூட்டை கட்டி வைத்தவர் ஏற்றலாம். பிந்தியவருக்கு அடுத்த லாரி. அப்படியே மாதத்தின் முதல் சனிக்கிழமை என்று வைத்தோம்.

“சரி லாரிக்காரரே, என் மூட்டைய மட்டும் விட்டுட்டுப் போயிராதீங்க” என்றார் அந்தப் பெண்.

புதிதாக என்ன மாறியிருக்கிறது என்பதை மற்ற செயலிகளில் எழுதித்தான் தருவார்கள். எங்கள் செயலியை வைத்திருப்பவர்களுக்கு வாசிக்கத் தெரியாதே. அதனால் அவர் அதைப் பேசிப் பதிவு செய்வார். புதுப் பதிப்பைத் திறந்ததும் அவர் குரல் வரும். மறுபடி கேட்க ஒரு பொத்தானும் உண்டு.

“ஏலே, அந்தப் புள்ளைக்குச் சளி புடிச்சிருக்கு. சுக்குத் தண்ணி குடிக்கச் சொல்லு” என்றாள் அம்மா ஒரு மாதம்.

சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். வெளியீட்டுக்கு முந்தின நாள், அவர் பதிவு செய்யும் வெள்ளிக்கிழமையில் நாங்கள் ஃபோனில் பேசுவோம். வேலைப் பேச்சு முடிந்த பிறகும் பேச்சு நீளும். மற்ற நாளில் அவரைக் கூப்பிட எனக்குக் காரணம் இருந்ததில்லை.

பிறகு இரண்டு பேர் விலகினார்கள். பழைய ஃபோன்களில் போட்டுச் சோதிக்கும் வேலை முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

“மாசா மாசம் இனி ஏலாதுங்க” என்றார் ஒரு வெள்ளிக்கிழமை. “வருசத்துக்கு ரெண்டு தடவ போதும்.”

“நடுவுல பிழை வந்தா?”

“அத மட்டும் சரி பண்ணி விட்ருவோம். கேரட்டுன்னா அழுகிரும். இது அழுகுமா, லாரிக்காரரே?”

சிரிக்கத்தான் பார்த்தார், குரலில் அத்தனை களைப்பு. அவர் சொன்னது நியாயம். லாரிக்காக ஓடி ஓடி ஆட்களே ஓய்ந்துபோயிருந்தோம். வருடத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமைதான் மிஞ்சும் என்பதை ஒரு காரணமாக நான் எப்படிச் சொல்வது? புது விதியை நானே எழுதிப் போட்டேன்.

அதன்படி ஒரே ஒரு பதிப்பு அவர் குரலோடு வந்தது. அடுத்ததற்கு முன்பு குழுவில் எழுதினார்: கல்யாணம், இனி நேரம் ஒதுக்க முடியாது. எல்லோரும் வாழ்த்தினார்கள். நானும் வாழ்த்தினேன்.

அடுத்த பதிப்புக்கு வேறொருவர் பேசினார். நல்ல தெளிவான குரல். அது வெளியான வாரம் ஊருக்குப் போய் அம்மாவின் ஃபோனை எடுத்தேன்.

“என்னலே பண்ற?”

“புதுசு வந்திருக்கும்மா.”

“போட்டா அந்தப் புள்ள பேச்சு?”

“போயிரும். இப்ப வேற ஆளு.”

“அதுக்கு என்னாச்சு?”

“கல்யாணம்.”

அம்மா என் முகத்தையே பார்த்தாள். “அப்ப புதுசு வேணாம். பழசே கெடக்கட்டும்” என்றாள்.

எல்லோரையும் புதுசுக்கு மாறச் சொல்வதுதான் என் வேலை. ஆனால் அம்மாவின் ஃபோனில் நான் அதைப் போடவில்லை. அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பூண்டுக் காட்டுக்குக் கிளம்பினாள். எங்கே போனாலும் இடுப்பில் செருகிக்கொண்டு போகும் ஃபோனை அன்றைக்கு அந்தக் குரலோடு என்னிடமே விட்டுப் போனாள்.