மைல் மீட்டரை நம்பிய அப்பா

எங்கள் அப்பா செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால் வெட்டிப் பிழைத்த பெற்றோரைச் சிறு வயதிலேயே இழந்து, லோரியில் மூட்டை ஏற்றும் வேலைக்கு மலாக்கா வந்து சேர்ந்தார். பல வருட உழைப்புக்குப் பிறகு அங்கேயே பாச்சாங்கில் இரண்டு லோரிகளோடு சொந்தக் கம்பெனி தொடங்கினார். இந்த அஞ்சலிக் குறிப்பில் அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுதினால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். அப்பா யாரையும் எளிதில் நம்பாதவர்.

வெள்ளைக்காரர்கள் மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தில் எங்கள் லோரிகள் தோட்டங்களுக்கு அரிசி கொண்டுபோயின. காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு டின் அரிசி போனதாகத் தெரிந்தாலும் லைசென்ஸ் பறிபோகும்; ஆளை விசாரணை இல்லாமலே உள்ளே வைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் இரண்டு லோரிகளுக்கும் புது மைல் மீட்டர் பொருத்தினார் அப்பா. வழிவிலகி ஓட்டினால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும் என்று, லோரி கிளம்பும்போதும் திரும்பும்போதும் தாமே ஏறிப் பார்ப்பார்.

செலண்டார் பாதையில் ஓட்டியவர் அந்தோணிசாமி அண்ணன். அதிகம் பேசாதவர். ஒரு மாதம் அவருடைய லோரி தினமும் மூன்று மைல் கூடுதலாகக் காட்டியது. அப்பா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று நினைத்தார். அண்ணன் தண்ணீர் குடிக்கப் போனாலும் அப்பாவின் கண் பின்னாலேயே போகும். மற்ற வேலையாட்கள் அதைக் கவனித்தார்கள். அண்ணனோடு சேர்ந்து சாப்பிடுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

கடைசியில் அப்பாவே போலிஸில் சொல்லிவிட்டார். சோதனைச் சாவடியில் மூட்டைகளையெல்லாம் இறக்கி அவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் அண்ணனை ஸ்டேசனுக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அப்பா உள்ளேயே இருந்துகொண்டார். அம்மாதான் வெளியே போய்ப் பேசினார்.

நான்காம் நாள் வேறு டிரைவரை வைத்து, அப்பாவும் அதே லோரியில் செலண்டாருக்குப் போனார். எங்கும் திரும்பவில்லை, வழியில் எங்கும் நிற்கவில்லை. பாச்சாங் திரும்பி மீட்டரைப் பார்த்தால் அதே மூன்று மைல் கூடுதல்.

பட்டறைக்காரர் பின்சக்கரங்களைப் பார்த்ததுமே காரணத்தைச் சொன்னார். பழைய அளவு டயர் கிடைக்காமல் பட்டறையில் சின்ன டயர் மாட்டியிருந்தார்கள்; அப்பாவுக்கு அது தெரியாது. சக்கரம் கூடுதலாகச் சுற்றும், மீட்டரும் கூடுதலாகக் காட்டும். அப்பா அங்கிருந்து நேராக ஸ்டேசனுக்குப் போய்த் தம் தவற்றைச் சொன்னார். அண்ணனை அன்றே விட்டார்கள்.

மறுநாள் வேலையாட்கள் எல்லாரையும் நிற்கவைத்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி, அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார் அப்பா. அதற்கு அண்ணன் சொன்னாராம்:

"என்கிட்டயே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மொதலாளி. டயர் மாத்துனத நானே சொல்லியிருப்பேன்."

அண்ணன் ஓய்வுபெறும்வரை எங்களிடமே ஓட்டினார். ஆனால் எங்கள் வீட்டில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

கம்பெனி வளர்ந்து நான் ஆபிஸைப் பார்த்துக்கொண்ட காலத்தில், வருகை நேரம் குத்தும் மெசின் வாங்கினோம். தாமதமாக வந்தவர்களின் கார்டுகளை அடுக்கிக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

"கார்டு நேரத்தத்தான் சொல்லும்மா. ஏன் லேட்டுன்னு போய் அவங்ககிட்ட கேளு."

யார் மீது புகார் வந்தாலும் முதலில் அவரையே கூப்பிட்டுக் கேட்பது அப்பா எங்கள் கம்பெனியில் வைத்த வழக்கம். அதற்காக அவர் சந்தேகப்படுவதை விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபோதுகூட, நர்ஸ் கொடுக்கும் மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஆனால், "இது எதுக்கும்மா?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டுத்தான் விழுங்குவார்.

பொறுமையோடு அப்பாவைக் கவனித்துக்கொண்ட அந்த நர்ஸுக்கும், அவரைத் தூக்கிச் சுமந்த எங்கள் வேலையாட்களுக்கும், தஞ்சோங் கிளிங்கிலிருந்து வந்து நின்ற அந்தோணிசாமி அண்ணனின் மகன்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அப்பா மனதுக்குள் சந்தேகப்பட்டு, கேட்காமலே விட்ட வேறு யாராவது இதைப் படிக்கும் உங்களில் இருந்தால், அவர் சார்பில் நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.