யாழினி ஏறாத பஸ்

வெள்ளகோவில் போகும் டவுன் பஸ் ஒரு தோட்டத்துப் பிரிவில் நிற்கிறது. நாலு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறியாயிற்று, வண்டி நகரவில்லை. நான் வெள்ளகோவிலில் கரூர் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

“இன்னும் கிளம்பலையா?” என்கிறேன் எரிச்சலோடு.

“இன்னொரு பாப்பா வரோணுமுங்க,” என்கிறார் கண்டக்டர். “யாழினி. ரெண்டாவது படிக்குது.”

வேல மரங்களுக்கு நடுவே மண்பாதையில் புழுதி கிளம்புகிறது. மொபெட்டில் ஒரு பெண் வருகிறார். பின்னால் பிள்ளை இல்லை.

“பாப்பாவுக்குக் காய்ச்சலுங்கண்ணா. நீங்க காத்துக்கிட்டு நிப்பீங்களேன்னு சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க. வண்டி ஓட்டறப்பப் போன் எடுக்க மாட்டீங்கல்ல?”

டிரைவர் தலையாட்டுகிறார். முன்சீட்டு அம்மா தன் பையிலிருந்து இரண்டு சாத்துக்குடியை எடுத்து ஜன்னல் வழியே நீட்டுகிறார். “கஞ்சி வெச்சுக் குடு அம்மணி.”

அடுத்த நிறுத்தத்தில் ஏறும் சிறுமி, “யாழினி எங்கீங்க?” என்கிறாள். கண்டக்டர் காய்ச்சல் என்கிறார். அதற்கடுத்த நிறுத்தத்தில் பால் கேனோடு ஏறும் பெரியவரும் யாழினி உட்காரும் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அதையே கேட்கிறார். கண்டக்டர் பின்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

“காய்ச்சலுங்க,” என்கிறேன் நான். “நாளைக்கு வந்துருமுங்க.”