செத்த மீனுக்கு எழுதிய ரிப்போர்ட்

நான் பொய் ரிப்போர்ட் எழுதினேன். தெரியாமல் அல்ல, தெரிந்து, நிதானமாக, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். என் அக்கா புருஷனின் குளத்து மீன் மொத்தமும் செத்தது அதனால்தான்.

முகத்தைச் சுளிக்கிறாயா? சுளித்துக்கொள். உன் மன்னிப்பைக் கேட்டு நான் வரவில்லை.

திருத்தணியில் மீன் நோய் பார்க்கும் சின்ன லேப்பில் எனக்கு வேலை. ஏரி மீனோ, குளத்து மீனோ, அறுத்து, சிறுநீரகத்தைக் கம்பியால் தொட்டு, கிருமி வளர்க்கும் பிளேட்டில் தீற்றி, ஒரு நாள் சூட்டில் வைப்பேன். நோய்க்கிருமி இருந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் புள்ளிகளாக முளைக்கும். ஆனால் மீன் உயிரோடு வர வேண்டும். செத்து நாறிய மீனில் கண்ட கிருமியும் குடியேறிவிடும். அதைச் சோதித்து ஒரு பயனும் இல்லை. செத்த மீனோடு வருகிறவர்களை, எத்தனை தூரத்திலிருந்து வந்தாலும், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

பாவாவை, அதுதான் அக்கா புருஷனை, மட்டும் அனுப்பவில்லை.

அந்த ஆளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு ஆர்.கே.பேட்டை பக்கம் குளம் வெட்டி, கட்லா, ரோகு மீன் விட்டார். பிழைப்பே அதுதான். வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். ஆடிக் கிருத்திகைக்குச் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது என்னைக் காட்டிச் சொன்னார்.

"இன்னா டாக்டரம்மா, மீன் கொடலை நோண்டிகினு குந்தினு இருக்கத்தான் எம்.எஸ்ஸி. படிச்சியா? கிட்ட வந்தாலே கவிச்சி அடிக்குது. உன்னை எவன் கட்டிக்குவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். என்னைப் பெண் பார்க்கும் எண்ணத்தோடு வந்திருந்த ஒரு அம்மாவும் சிரித்தாள்! அந்த இடம் அமையவில்லை. என் வயிறு எரிந்த எரிச்சல் உனக்குப் புரியுமா? உன்னை யாராவது நாற்பது பேர் முன்னால் நாறுகிறாய் என்று சொல்லியிருக்கிறார்களா?

சில மாதம் கழித்து, ஒரு நாள் காலை, அதே மனிதர் கேரி பேக்கில் ஒரு செத்த ரோகுவோடு வந்து நின்றார்.

"விடியக்காலைல எல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது. வெயில் ஏறினா சரியாப் பூடுது. நேத்து நாலு மெதந்துச்சி. இன்னா நோயின்னு பாரு."

கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நோயே இல்லை, தண்ணீரில் காற்று போதவில்லை. இரண்டு நாள் தீனியை நிறுத்தி, விடியும் முன் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் தீர்ந்தது. 'மோட்டார் போடுங்க பாவா'... மூன்றே வார்த்தை! நான் சொல்லவில்லை. பையை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பிளேட்டில் வெள்ளை, மஞ்சள், வழவழவென்று பரவியது என்று பத்து தினுசு முளைத்திருந்தது. வெறும் அழுகல். அதற்கு 'பாக்டீரியா தொற்று' என்று எழுதி, தீனியில் கலக்க மருந்தும் எழுதிக் கொடுத்தேன்.

நாலு நாள் அலையட்டும், என் காலடிக்கு வரட்டும் என்றுதான் நினைத்தேன். மீன் சாகட்டும் என்று நினைக்கவில்லை... நினைக்கவில்லையா? சத்தியம் பண்ணச் சொல்லாதே.

அவர் மருந்துத் தீனியை ஒரு வேளை தவறாமல் போட்டார். அந்தத் தீனியே தண்ணீரில் இருந்த கொஞ்சக் காற்றையும் தின்றது. மூன்றாம் நாள் வானம் மூடிக்கொண்டு, வெயிலும் இல்லை, காற்றும் வீசவில்லை. மறுநாள் விடிந்தபோது குளம் முழுக்க வயிறு வெளுத்து மீன் மிதந்தது. நான் போனபோது அக்கா கரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பாவா கத்துவார், சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்பார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"நீ கரீட்டாத்தாம்மா சொன்ன. நாந்தான் லேட்டா வந்துட்டேன்" என்றார்.

இப்போது பொதட்டூர்பேட்டையில் யாரோ ஒருவருடைய தறியில் கூலிக்கு நிற்கிறார். நான் போனால் எழுந்து நிற்கிறார். "வாங்கம்மா" என்கிறார். சொந்தக்காரர்களிடம், "படிச்சவங்க, அவங்க பேச்சு தப்பாது" என்று சொல்கிறாராம். நான் ஆசைப்பட்ட மரியாதை இதுதானே! கிடைத்துவிட்டது. அதிலும் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, தெரியுமா? காறித் துப்பு.

போன வாரம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாவா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தை பொறந்தா மறுபடியும் மீன் விடலாம்னு கீறேன். போன தபா நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லுங்க, இந்த தபா திருத்திக்கிறேன்."

காற்று என்று சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். சொல்லாவிட்டால் அடுத்த மீனும் சாகும். சோற்றைப் பிசைந்தேன். அக்கா தண்ணீர் செம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

"மீனைச் சீக்கிரம் கொண்டாந்திருக்கணும் பாவா" என்றேன்.

"ஆங், சரிங்க" என்று தலையாட்டிக்கொண்டார்.