சங்கிலிமுத்துவின் கைக்காசு

சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலை சங்கிலிமுத்துவுக்கு. அவனோடு டீக்கடைக்குப் போனவர்கள் யாரும் சட்டைப்பைக்குள் கைவிட்டது கிடையாது. "எல்லாம் என் கணக்குல சேத்துக்கோங்கண்ணே" என்று முந்திக்கொள்வான். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு எண்ணெய்ப் பரோட்டா தின்னப் போவான். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனாலும் வாரம் பாதி தாண்டுவதற்குள் வீட்டுச் செலவுக்குக் கைமாற்று வாங்க வேண்டியிருக்கும்.

திருத்தங்கலில் அவர்களுக்குச் சொந்த ஓட்டு வீடு. குளிக்கத்தான் இடமில்லை. பின்னால் பழைய சேலையை மறைப்பாகக் கட்டி, வெளிச்சம் வருமுன் குளித்துவிட்டுத் தீப்பெட்டிக் கம்பெனி வேனுக்கு ஓடுவாள் அவன் மனைவி சுப்புத்தாய். 2004 ஆடிக் காற்று ஒருநாள் அந்தச் சேலையைத் தூக்கிக்கொண்டு போனது. ஈரத்துணியோடு சுவரோரம் ஒண்டி நின்றவளுக்குப் போர்வையைக் கொண்டு ஓடினான் சங்கிலிமுத்து. அவள் அழவில்லை, திட்டவுமில்லை. அதுதான் அவனுக்கு என்னவோ போலிருந்தது.

அந்தச் சனிக்கிழமை இருவர் சம்பளத்தையும் பாயில் வைத்துப் பிரித்தாள்.

"இது வீட்டுச் செலவுக்கு. இது குளிக்கிற ரூம்பு கட்ட, போஸ்டாபீஸ்ல போட்டுருவேன். மிச்சத்துல ஆளுக்குப் பாதி. அதை என்ன செஞ்சீகன்னு நான் கேக்க மாட்டேன். நீங்களும் என்னைக் கேக்கக் கூடாது."

"இம்புட்டுதானா?"

"தீந்துட்டா அடுத்த சனிக்கிழமைதான்."

ரெண்டே நாளில் தீர்ந்தது. டீ நேரத்தில் வயிறு சரியில்லை என்று காலண்டர் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். மறுவாரமும் அதே வயிறு. கட்டிங் மிஷின் சுந்தரபாண்டி அண்ணன் வந்து நின்றார்.

"ஏலே, டீ நேரத்துக்கு மட்டும் வலிக்கிற வயிறு என்ன வயிறுலே?"

வேறு பொய் தோன்றவில்லை. "கைக்காசு தீந்துபோச்சுண்ணே. வீட்டுல பாத்ரூம் கட்டணும்" என்று சொல்லிவிட்டான். சிரிப்பார் என்று நினைத்தான். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஒருநாளாவது எங்களைக் காசு குடுக்க விட்டிருக்கியா? எங்களுக்கும் ஆசை இருக்காதா?"

அந்த டீயைக் குடிக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு ஆள் மாற்றி ஆள் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. பசியில்லாமலே தின்றுகொண்டிருந்த சாயங்கால வடையை விட்டான். பரோட்டாவை விட முடியவில்லை. மாதம் ஒருதரம் என்று வைத்துக்கொண்டு, சுப்புத்தாயைக் கூட்டிப் போனான். கல்யாணமான இத்தனை வருசத்தில் அவள் அந்தக் கடைக்குள் நுழைந்தது அப்போதுதான்.

அவள் பங்கை என்ன செய்கிறாள் என்று தெரியாமல் அவனுக்கு மண்டை குடைந்தது. கேட்கவும் வழியில்லை. வேனில் வரும் பொன்மணிதான் ஒருநாள் சொன்னாள், சுப்பக்கா வாராவாரம் ஐஸ்கிரீம் தின்கிறாள் என்று. நாள் முழுக்க அதை நினைத்து நினைத்துத் தனக்குள் சிரித்தான்.

காலண்டர் சீசனில் வந்த ஓவர்டைம் காசும் போஸ்டாபீசுக்கே போனது. அடுத்த சித்திரையில் கொத்தனார் வந்து சுவர் எழுப்பி, தகரக் கதவு மாட்டினார்.

முதல் நாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, வெயில் நன்றாக ஏறியபிறகுதான் சுப்புத்தாய் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தோளில் துண்டோடு வெளியே நின்றான் சங்கிலிமுத்து.

"சுப்பு, எம்புட்டு நேரம்? எனக்கு பஸ்ஸு போயிரும்."

"போகட்டும்."

தண்ணீர் விழும் சத்தம் நிற்கவேயில்லை. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.