ஒரு டேப்லெட், ஒரு ஆள்

தலைவரே, நம் சங்கத் தளத்தின் தமிழ்ப் பக்கங்களை யாரும் பார்ப்பதில்லை என்று கூட்டத்தில் நீங்கள் சொன்னது பொய்.

லா ஷப்பலில் நம் அலுவலக வாசலில் ஒரு டேப்லெட் இருக்கிறது. புறநகர்களான பொபினியிலிருந்தும் லெ பிளாங்-மெனிலிலிருந்தும் வருகிறவர்கள் தங்கள் முறை வரும்வரை அதில் தமிழ்ப் பக்கங்களைத் தட்டிப் படிப்பார்கள். எந்த விண்ணப்பத்துக்கு என்ன பத்திரம் வேண்டும் என்று அதில் தமிழில் எழுதுகிறவர் அலுவலகத்தில் இருக்கும் அக்கா.

தளத்துக்கு வருகிறவர்களைப் பதிவு செய்யும் அட்டவணைகளை வடிவமைத்தவன் நான். சாதனத்துக்கு ஒன்று, வருகைக்கு ஒன்று, அந்த வருகையில் திறந்த பக்கங்களுக்கு ஒன்று. ஒருவர் படித்துவிட்டு நகர்ந்ததும் டேப்லெட் முதல் பக்கத்துக்குத் திரும்பும். அடுத்தவர் தொட்டால் அது புது வருகை. நீங்கள் வருகை அட்டவணையே வேண்டாம் என்றீர்கள்.

"ஒரு ஃபோன் எண்டால் ஒரு ஆள், தம்பி. ஏன் சிக்கலாக்கிறீர்?"

"வாசல்ல இருக்கறத எல்லாரும் தொடறாங்களேண்ணே?"

"அது எங்கட டேப்லெட். ஒண்டுதானே."

தளம் சங்கத்தினுடையது. வருகை அட்டவணையை எடுத்துவிட்டேன். அதன்பின் வாசலில் யார் தொட்டாலும் கணக்கில் ஒரே ஆள்தான்.

தமிழ்ப் பக்கங்களை மூடப்போவதாகப் பேச்சு வந்தபோது அக்காவுடன் உட்கார்ந்து மிச்சமிருந்த பதிவுகளைத் திறந்தேன். டேப்லெட்டின் அந்த ஒரே ஆள் ஒரு காலைக்குள் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பார்த்திருந்தார், ஓய்வூதியத்துக்கு வழி தேடியிருந்தார், கல்யாணப் பதிவையும் விவாகரத்தையும் அடுத்தடுத்துப் படித்திருந்தார்.

"பாவம், கலியாணம் கட்டின கையோட பிரிஞ்சிட்டுது" என்று அக்கா சிரித்தார். பிறகு கேட்டார், "அப்ப நான் இனி எழுதத் தேவையில்லையோ?"

அதை உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன். பக்கங்கள் திறந்த நேர இடைவெளிகளை வைத்து வருகைகளைத் திரும்பப் பிரித்துவிடலாம் என்றும் சொன்னேன். "விளங்குது தம்பி, பிறகு பாப்பம்" என்றீர்கள். விளங்கிய பிறகுதான் கூட்டத்தில் அப்படிப் பேசினீர்கள்.

அடுத்த கூட்டத்தில் மூடுவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு. என்னைத் தனியே கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். வாக்கெடுப்புக்கு முன் எழுந்து நின்று, வாசலில் படித்துவிட்டுப் போன அத்தனை பேரையும் ஏன் ஒரு ஆளாக்கினீர்கள் என்று உறுப்பினர்கள் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.